யன்னல்களைச் சாத்துங்கள்

பத்திரிகையின் மூலையில் இன்றைக்கு நாலு வரி:
ஷ்வைட்சர்ஹாலே, இரசாயனக் களஞ்சியம் எரிந்த நாள்,
முப்பத்தொன்பது வருடம்.
கூடவே பழைய படம் ஒன்று,
சிவப்பாய் ஓடிய ரைன்
கறுப்பு வெள்ளையில்.

அந்த நாலு வரியில் நாங்கள் இல்லை.
இருக்க நியாயமும் இல்லை.
பாசலுக்கு வந்து பதினோரு கிழமை,
மூன்று பேருக்கு ஒரு அறை, நாலாம் மாடி.
சனிக்கிழமை, விடிய மூன்றே முக்காலுக்குச்
சங்கு ஊதியது.

சங்கென்றால் எங்களுக்கு ஆலைச் சங்கு,
இல்லையென்றால் செத்த வீட்டுச் சங்கு.
இது எந்தச் சங்கு என்று
பிரித்தறிய முடியவில்லை.

குலவீரசிங்கம்தான் முதலில் எழும்பினான்.
"ஹெலி" என்றான்.
அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.
ஊரில் படித்த பாடம் ஒன்றே ஒன்று:
கூரைக்குக் கீழே நிற்காதே, வெளியே ஓடு, குப்புறப் படு.

ஓடினோம்.
நாலு மாடி, சாரத்தோடு, செருப்பில்லாமல்.
முற்றத்தில்
சைக்கிள்களுக்கும் குப்பை வாளிகளுக்கும் நடுவே
ஈரப் புல்லில் முகம் புதைத்துக்
காதைப் பொத்திக் கிடந்தோம்.

வானத்தில் ஒன்றுமில்லை.
கூழ்முட்டை நாற்றம் மட்டும்.
தெருவில் ஒரு பொலிஸ் வாகனம்
ஒலிபெருக்கியில் எதையோ
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது.
அப்போது எங்களுக்குத் தெரிந்த ஜெர்மன்
வணக்கம், நன்றி, விண்ணப்பம், இலக்கம்.
அந்த நாலில் ஒன்றும் அதில் வரவில்லை.

ஊரே யன்னலைச் சாத்தி
இடுக்கில் ஈரத் துவாய் திணித்து
மூச்சை அளந்து இழுத்துக்கொண்டிருந்த நேரம்,
நாங்கள் மூன்று பேர் மட்டும்
நெஞ்சு நிறைய வாங்கி வாங்கி விட்டோம்,
தப்பிவிட்டோம் என்று.

இரண்டாம் மாடியில் ஒரு யன்னல் திறந்தது.
திறக்கக் கூடாத யன்னல்.
கீசின் அம்மா.
மாடிப்படியில் எங்கள் வணக்கத்துக்கு
ஒரு நாளும் பதில் தராதவர்.
உடுப்புத் தோய்க்கும் அறையின் முறை அட்டையில்
எங்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தவர்.
தலைமயிரில் சுருட்டுக் குழல்கள் தொங்க,
அரை உடம்பு வெளியே தொங்கக் கத்தினார்.
வாயைப் பொத்திக் காட்டினார்.
காற்றைப் பிடித்து உள்ளே இழுப்பதுபோல்
இரண்டு கையாலும் எங்களை இழுத்தார்.

விளங்க ஒரு நிமிடம் எடுத்தது எங்களுக்கு.
அந்த ஒரு நிமிடமும்
யன்னல் திறந்தே கிடந்தது.

ஏழு மணிக்கு ஆபத்து நீங்கியது என்றார்கள்.
பாலத்தில் போய் நின்றோம்.
ஆரத்தி சுற்றி ஊற்றியதுபோல் ஆறு.
"எங்களை வரவேற்கத்தான்" என்றான் தவநாயகம்.
சிரிக்கத் தொடங்கிய மூவரும் இருமினோம்.

பிறகு விலாங்குகள்.
கீழாற்றில் கூடை கூடையாக அள்ளினார்களாம்.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிப்
பிழைக்கிற சாதி அது.
நஞ்சுக்கு எதைக் காட்டும்?

அடுத்த கிழமையும்
மாடிப்படியில் வணக்கத்துக்குப் பதிலில்லை.
முறை அட்டையில் மட்டும்,
செவ்வாய், ஆறு முதல் எட்டு வரை,
கீசின் அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில்
எங்கள் பெயர்கள்.
மூன்றும் பிழையாக.

இப்போது எனக்கு ஜெர்மன் தெரியும்.
பெப்ரவரி முதல் புதன், ஒன்றரைக்கு,
நாடெங்கும் ஒத்திகைச் சங்கு ஊதும் என்றும் தெரியும்.
தெரிந்தென்ன.
கால் வாசலைப் பார்க்கும்,
கை யன்னலைப் பார்க்கும்,
நான் நடுவீட்டில் நிற்பேன்.

இன்றும் சனிக்கிழமை.
பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு
மணிக்கூட்டைப் பார்த்து
ஒரு நிமிடம் யன்னலைத் திறந்து வைத்தேன்.

குளிர் வந்தது.
கீழே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம்.
வேறொன்றும் வரவில்லை.